அவள் சைவம்

1847 பெப்ரவரி 1, திங்கள்

இதை யாராவது கண்டால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். படுக்கை மணி அடித்த பிறகு விளக்குக் கொளுத்துவது ஒரு குற்றம். களஞ்சிய அறைக்குள் தனியே இருப்பது இன்னொன்று. அச்சுக்கூடத்தில் கழித்துப்போட்ட தாள்களை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பது எல்லாவற்றிலும் பெரியது. ஒரு பக்கத்தில் அச்சடித்த சுவிசேஷம், மறு பக்கம் வெறும் தாள். அந்தப் பக்கத்தில்தான் எழுதுகிறேன். வெளியே நாய் குரைத்தாலும் விளக்கை ஊதி அணைத்துவிடுகிறேன்.

வீட்டுக்கு அனுப்பினால் நான் எங்கே போவது? உபதேசியாராக இருந்த, என்னைப் பெற்ற ஐயா வாந்திபேதியில் போய்விட்டார். அம்மாவிடம் எனக்குப் பின்னால் நாலு பேர் இருக்கிறார்கள். அங்கே எனக்குப் பாய் விரிக்க இடம் இல்லை.

ஆனாலும் எழுதாமல் படுக்க முடியவில்லை. காரணம், என்னோடு படிக்கும் கதிராசி.

இன்று மாலை ஜெபத்தின் முடிவில், எங்கள் பள்ளியை நடத்தும் அமெரிக்க மிசியம்மா ஒரு செய்தி சொன்னார். இம்மாதக் கடைசி ஞாயிறு கதிராசிக்கு ஞானஸ்நானம். அவளுக்கு வைக்கப்போகும் பெயர் ஆபிகேல்.

ஆபிகேல் மிசியம்மாவின் மகள். ஆறு வயதில் காய்ச்சலில் இறந்து எங்கள் வேதக் கோயில் வளவுக்குள் இலுப்பை மரத்தடியில் கிடக்கிறாள். நாலு வருடமாகச் சனிக்கிழமைதோறும் அந்தக் கல்லறையைக் கூட்டுகிறவள் நான். யாரும் சொல்லி அல்ல, நானாக.

இங்கே ஞானஸ்நானம் பெறுகிற பிள்ளைக்கு, அமெரிக்காவிலிருந்து அவளுடைய படிப்பைத் தாங்குகிறவரின் பெயரைத்தான் வைப்பார்கள். நான் பேஷன்ஸ். எங்கோ பனி பெய்யும் ஊரில் இருக்கும் ஒரு கிழவியின் பெயர். பிள்ளைகளின் வாயில் அது நுழையாததால் அதைப் "பேசி" ஆக்கிவிட்டார்கள். "பேசி, பேசாமல் இரடி" என்பது இவர்களுக்கு அலுக்காத பகிடி.

எனக்கு ஒரு பெயர் வைத்தாயிற்று, ஆகவே அந்தப் பெயர் எனக்கு வராது என்று தெரியும். ஆனால் வேறு யாருக்கும் வராது என்று நினைத்திருந்தேன்.

பெப்ரவரி 3, புதன்

பூமிசாஸ்திர வகுப்பு. மிசியம்மா அமெரிக்காவின் படத்தைச் சுவரில் தொங்கவிட்டுத் தம்முடைய ஊரைக் கோலால் தொட்டுக் காட்டினார். இருநூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் அரசன் சொன்ன மாதிரி ஜெபிக்க மனமில்லாத ஒரு கூட்டம், தங்கள் மனச்சாட்சிப்படி கடவுளைத் தொழுவதற்காகக் கப்பலேறி அந்தக் கரைக்குப் போனதாம். பாதிப்பேர் முதல் மாரியிலேயே குளிரிலும் பசியிலும் இறந்தார்களாம். மிசியம்மாவின் முகம் அதைச் சொல்லும்போது விளக்கு ஏற்றினதுபோல இருந்தது.

அப்போது கதிராசி எழுந்து நின்றாள்.

"அம்மா, அங்கை போன பிறகு வேறை மாதிரிக் கும்பிட்ட ஆக்களை அவை என்ன செய்தவை?"

மிசியம்மா கோலைக் கீழே வைத்தார். அவர் தமிழைப் புத்தகத்தில் படித்தவர், புத்தகம் போலவே பேசுவார். "நல்ல கேள்வி கேட்டாய். அதற்கு விடை சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது" என்றார். பிறகு சொன்னார். வேறு மாதிரித் தொழுதவர்களைச் சாட்டையால் அடித்தார்களாம், காதை அறுத்தார்களாம். ஒரு பெண்ணையும் மூன்று ஆண்களையும் தூக்கிலிட்டார்களாம். மிசியம்மாவின் பாட்டியின் பாட்டி ஒருத்தி, கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டியதில்லை என்று சொன்னாளாம். அதற்காக அவளை மாரிகாலத்தில் ஊரைவிட்டுத் துரத்தினார்களாம். அவள் ஆற்றைக் கடந்து, யாரும் எப்படியும் தொழலாம் என்று விட்டிருந்த ஒரு சின்ன நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தாளாம்.

"இன்று நான் இருப்பது அவளைத் துரத்திய சபையில்தான்" என்றார் மிசியம்மா. பிறகு கதிராசியின் பக்கத்தில் வந்து அவளுடைய தலையில் கையை வைத்தார்.

அந்தக் கேள்வி எனக்கும் வந்தது. அவள் எழுந்ததால் நான் எழவில்லை, அவ்வளவுதான்.

பெப்ரவரி 5, வெள்ளி

பாரைமீன் குழம்பு. மார்த்தா அக்கா (எங்கள் விடுதியைப் பார்ப்பவர்) ஆளுக்கு ஒரு துண்டு வைத்தார். கதிராசி வழக்கம்போலத் தன் துண்டை என் தட்டுக்குள் தள்ளினாள். "பேசி, உனக்குத்தான்."

அவள் வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் எனக்கு இரண்டு துண்டு. பந்தியில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வெளியில் சொல்வதில்லை.

போன ஆவணியில் மீன் கிடைக்காத ஒரு நாள், சமையல்காரி அன்னமுத்து மிசியம்மாவிடம் "இண்டைக்குப் பிள்ளையள் எல்லாரும் சைவம், அம்மா" என்று சொல்லிவிட்டாள். மிசியம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சைவம் என்றால் சிவனைக் கும்பிடுகிற சமயம்தான். மரக்கறிச் சோற்றுக்கும் அதே சொல்லைச் சொல்வோம் என்று அவருடைய புத்தகத்தில் இல்லை. மார்த்தா அக்கா ஓடிவந்து, அன்னமுத்து சும்மா உளறுகிறாள் என்று சமாளித்தார். அன்று இரவு எங்களைக் கூட்டி வைத்து, "மிசியம்மாவுக்கு முன்னாலை மரக்கறி எண்டு சொல்லுங்கோ. மற்றச் சொல் வாயிலை வரக்கூடாது" என்றார். நாங்கள் பாய்க்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தோம். கதிராசிதான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தாள்.

பெப்ரவரி 6, சனி

கல்லறையைக் கூட்டவில்லை. இடுப்பு வலி.

பெப்ரவரி 10, புதன்

மிசியம்மா பங்களாவிலிருந்து ஒரு வெள்ளைத் துணி கொண்டுவந்தார். ஆபிகேல் வளர்ந்தால் தைக்கலாம் என்று அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து பெட்டியில் வைத்திருந்ததாம். கதிராசிக்கு ஞானஸ்நானச் சட்டை அதில் தைக்க வேண்டும். "உன் கைத்தையல்தான் மிக நேர்த்தி, பேஷன்ஸ்" என்று அதை என் மடியில் வைத்தார்.

இதுவரை என்னிடம் அவர் சொன்ன மிக நல்ல வார்த்தை இது. அதுவும் அவளுக்காக.

கதிராசியை நிறுத்தி அளவெடுத்தேன். அவள் கூச்சத்தில் நெளிந்தாள். "இறுக்கிப் போடாதை, மூச்சு விட வேணும்" என்று சிரித்தாள். மாலையில் போட்டுப் பார்த்தபோது இடுப்பில் ஒரு விரற்கடை இறுக்கம். நூலைச் சரியாகத்தான் பிடித்தேன். துணி சுருங்கியிருக்கும்.

பெப்ரவரி 12, வெள்ளி

இன்றும் இரண்டு துண்டு.

கிணற்றடியில் துணி அலம்பும்போது கதிராசியிடம் கேட்டேன், ஞானஸ்நானம் எடுத்த பிறகும் வெள்ளிக்கிழமை மீனை என்னிடம்தான் தள்ளுவாயா என்று. பகிடியாகத்தான் கேட்டேன்.

அவள் துணியைப் பிழிவதை நிறுத்தினாள். தாய் சாகும்போது வைத்த நேர்த்தி அதுவாம். தனக்குப் பின் மகள் நல்லாக இருக்க வேண்டும் என்று முருகனுக்கு நேர்ந்து, வெள்ளிக்கிழமை மீன் மச்சம் தொடாதே என்று கையைப் பிடித்துச் சொன்னாளாம்.

"அப்ப யேசுவை நம்பேல்லையோ?"

"நம்பிறன். மிசியம்மா சொல்லேக்கை எனக்கு அழுகை வரும். ஆனா அம்மாவின்ரை கையையும் என்னாலை உதற ஏலாது. ரெண்டு பேரையும் கும்பிட்டால் என்னடி? அவை சண்டை பிடிக்கினமோ? மனுசர்தான் பிடிக்கினம்."

நான் சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. இதை நான் கேட்டேன் என்று தெரிந்தால் என்னையும் பிடித்துக்கொள்வார்களோ?

பதினாலு வயதுக்குப் பிறகு விடுதியில் இருக்க வேண்டுமானால் சபையில் சேரவேண்டும் என்பது பாதிரிமார் சங்கத்தின் விதி. கதிராசிக்குப் பங்குனியில் பதினாலு. சேராவிட்டால் அவளுடைய அம்மான் வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போவார். அம்மானின் மச்சான் ஒருவனுக்குப் புகையிலைத் தோட்டம் இருக்கிறது, பெண்சாதி இல்லை. போன மாரியில் இறந்துவிட்டாள். அவனுக்கு வயது நாற்பதுக்கு மேல்.

"எனக்கு இன்னும் படிக்க வேணும், பேசி. சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிக்க வேணும். உன்னட்டை மட்டும்தான் சொன்னனான்."

என்னிடம் மட்டும். அதை ஏன் என்னிடம் சொன்னாள்? நான் கேட்கவில்லையே. கேட்டேன்தான், ஆனால் இவ்வளவையும் கேட்கவில்லை.

பெப்ரவரி 14, ஞாயிறு

கோயிலில் மிசியம்மா கதிராசியைத் தமக்குப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். பாட்டுப் புத்தகத்தை இருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்திருந்தார்கள். பாதிரியார் எதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார் என்று நினைவில்லை.

பெப்ரவரி 18, வியாழன்

சட்டையின் கைக்கு மடிப்பு வைத்து முடித்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது மிசியம்மா களைத்துப்போய் இருந்தார், மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை என்றார். வெள்ளிக்கிழமைகளில் அன்னமுத்து வைக்கிற மீன் குழம்பு நல்ல ருசி, நாளைக்கு எங்களோடு இருந்து சாப்பிடலாமே என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அவர் மகிழ்ந்துபோய் வருவதாகச் சொன்னார்.

பெப்ரவரி 19, வெள்ளி

எழுத்துச் சரியாக வரவில்லை.

மிசியம்மா வந்தார். எங்களோடு பாயில் சம்மணமிட்டு இருந்தார். எனக்கு நேரே அவர், எனக்குப் பக்கத்தில் கதிராசி. மார்த்தா அக்கா பரிமாறினார். கதிராசி மீனைத் தொடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். மிசியம்மா தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில் துண்டு என் தட்டுக்கு வந்துவிட்டது.

அவர் திரும்பிப் பார்த்தார். "பேஷன்ஸ், உனக்கு மட்டும் ஏன் இரண்டு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

எனக்குப் பசி என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு வயிறு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"அவள் சைவம், அம்மா" என்றேன்.

நாங்கள் எல்லோரும் நாள்தோறும் சொல்கிற சொல்தான் அது. வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் வந்தது.

மார்த்தா அக்காவின் கையிலிருந்த அகப்பை சட்டிக்குள் விழுந்தது. மிசியம்மா கதிராசியைப் பார்த்தார். கதிராசி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தலையை நிமிர்த்தி, அது சாப்பாட்டைச் சொல்கிறாள் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவள் ஏன் சொல்லவில்லை? அவளுக்குப் பொய் வராது. அதுவும் அவளுடைய பெருமைகளில் ஒன்று.

மிசியம்மா சாப்பிடாமல் எழுந்து போனார்.

பெப்ரவரி 20, சனி

பங்களா விறாந்தைக்குக் கூப்பிட்டார்கள். ஹோல்டன் பாதிரியார், அதாவது மிசியம்மாவின் கணவர், இருந்தார். அடுத்த ஊரிலிருந்து சங்கத்தின் மூத்த பாதிரியாரும் குதிரையில் வந்திருந்தார். மிசியம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்று மார்த்தா அக்கா இரவோடு இரவாகப் போய்ச் சொல்லியிருந்தார்.

முதலில் என்னைக் கேட்டார்கள். மிசியம்மாதான் கேட்டார்.

"பேஷன்ஸ், நேற்று நீ சொன்னது உணவையா, சமயத்தையா?"

மார்த்தா அக்கா கதவோரம் நின்று என்னையே பார்த்தார். சோறு என்று சொல்லடி என்று அந்தக் கண் சொன்னது. மிசியம்மாவின் கண்ணும் அதையே சொன்னதுபோல இருந்தது. அவளுக்காக அப்படிக் கெஞ்சுகிற கண். எனக்காக ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியாது, அம்மா" என்றேன்.

தெரியாது என்பது பொய்யாகாது. இன்னொருத்தியின் நெஞ்சுக்குள் இருப்பது யாருக்குத்தான் தெரியும்?

மூத்த பாதிரியார் சுருக்கமாகப் பேசும் மனிதர். மீன் குழம்பை ஒரு கிண்ணத்தில் கொண்டுவரச் சொன்னார். கதிராசிக்கு முன்னால் வைத்தார். இன்று சனிக்கிழமை, ஆகவே இதைச் சாப்பிடுவதில் தடை இல்லை. ஆனால் சாப்பிட்டபின், இனி எந்த வெள்ளிக்கிழமையும் சாப்பிடுவேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும், அந்த நேர்த்தி பொய்த் தேவனுக்கு வைத்தது, அது செல்லாது என்று சொல்ல வேண்டும். அவ்வளவு சொன்னால் முன்பு சொன்னபடி கடைசி ஞாயிறு ஞானஸ்நானம் நடக்கும் என்றார்.

கதிராசி மீனைச் சாப்பிட்டாள். முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

"யேசுவை நம்பிறன் எண்டு எத்தினை தரமும் சொல்லுவன், ஐயா. அம்மாவின்ரை நேர்த்தி பொய் எண்டு சொல்ல மாட்டன்."

அவர் மறுபடி கேட்டார். அவள் மறுபடி அதையே சொன்னாள். மூன்றாம் முறை கேட்டபோது அவள் அவரைப் பார்க்கவில்லை, மிசியம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, உங்கடை பாட்டியின்ரை பாட்டியை ஆற்றைக் கடக்க வைச்சவைதானே. அவ அண்டைக்கு ஒரே ஒரு சொல் மாத்திச் சொல்லியிருந்தா வீட்டிலையே இருந்திருக்கலாம். ஏன் அவ சொல்லேல்லை?"

மூத்த பாதிரியாருக்கு அந்தக் கதை தெரியாது போலிருக்கிறது, ஹோல்டன் ஐயாவைப் பார்த்தார். மிசியம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கதிராசி இனி விடுதியில் இருக்கக்கூடாது என்ற தீர்ப்பை மூத்த பாதிரியார் எழுதினார். ஹோல்டன் ஐயா மெதுவாகக் கையெழுத்துப் போட்டார்.

பெப்ரவரி 21, ஞாயிறு

கதிராசி என்னோடு வழக்கம்போலப் பேசுகிறாள். அதுதான் பயமாக இருக்கிறது.

பெப்ரவரி 22, திங்கள்

அம்மானின் வண்டி காலையிலேயே வந்துவிட்டது. அவர் விடுதிக்குள் வரவில்லை, வாசல் படலைக்கு வெளியே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "வேதக்காரர் படிப்பிச்சது காணும், ஏறு பிள்ளை" என்றார். கலியாணம் பங்குனி நடுவில் என்று மார்த்தா அக்காவிடம் சொன்னாராம்.

கதிராசி ஒரு சிறு துணிமூட்டையோடு வந்தாள். மிசியம்மா அவளிடம் கொடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை மடித்து என் கையில் தந்தாள்.

"நீ தெரியாமச் சொன்னனீ. எனக்குத் தெரியும். மனசிலை வைச்சுக்கொண்டு அழாதை, என்ன?"

நான் அழுதேன். என்னைக் கட்டிப்பிடித்து ஆற்றினாள். போகிறவள் அவள், ஆற்றியதும் அவள். வண்டி திரும்பும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

மிசியம்மா வெளியே வரவில்லை. பங்களாவின் சன்னல் மட்டும் பாதி திறந்திருந்தது.

பெப்ரவரி 26, வெள்ளி

கறி கத்தரிக்காய். மீன் வாங்க வேண்டாம் என்று மிசியம்மா சொல்லிவிட்டாராம்.

கதிராசியின் இடத்தில் நான் இப்போது முதல் வரிசை. வகுப்பில் இன்று மூன்று கேள்வி கேட்டேன். மூன்றுக்கும் மிசியம்மா விடை சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஒரு கேள்விக்காவது தலையில் கை வைப்பார் என்று நினைத்தேன்.

பெப்ரவரி 28, ஞாயிறு

ஆராதனையில் ஞானஸ்நானம் இல்லை. தண்ணீர்க் கிண்ணம் மூடியே இருந்தது.

மாலையில் மிசியம்மா என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார். ஓடிப்போனேன், வெறுங்காலோடு. மேசையில் தாளும் மையும் இருந்தன. தம் தமிழ்க் கையெழுத்து ஊரில் யாருக்கும் விளங்காது, தாம் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும் என்றார். கடிதம் கதிராசிக்கு.

"என் அன்பு மகள் கதிராசிக்கு" என்று தொடங்கச் சொன்னார்.

பேனாவை நனைத்தபடி, ஆபிகேல் என்று எழுதவேண்டாமா என்று கேட்டேன்.

"வேண்டாம். அவளுக்கு அவள் தாய் வைத்த பெயர் ஒன்று உண்டு."

என் அன்பு மகள். ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். நெஞ்சு எரிந்தது, ஆனாலும் ஓர் எழுத்தும் கோணவில்லை.

அவர் சொன்னது இதுதான். சங்கத்தின் விதி விடுதிக்குத்தான். தம் வீட்டுக்கு இல்லை. கதிராசி தம் வீட்டில் தங்கிப் படிக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாம். ஞானஸ்நானம் அவள் கேட்கும் நாளில், கேட்டால். வெள்ளிக்கிழமைகளில் அவள் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பது அவளுக்கும் அவள் தாய்க்கும் உள்ள காரியம். அம்மானிடம் பேச ஹோல்டன் ஐயா நேரில் வருவார், இசைந்திருக்கிறார். "என் முன்னோரைத் துரத்தியவர்களின் நாற்காலியில் இருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்துக்கொள்."

நான் எழுதிக்கொண்டே வந்தேன். அதற்கு அடுத்த வரியை அவர் சொன்னார்:

"பேஷன்ஸ் மீது கோபம் வைக்காதே. அவள் அறியாமல் சொன்ன சொல்."

பேனா நின்றது. எழுதியிருக்கலாம். எழுதிவிட்டால் தாளிலும் அப்படியே ஆகியிருக்கும், யாரும் இனிக் கேட்கப்போவதில்லை. மிசியம்மா காத்திருந்தார். பேனா நுனியிலிருந்து ஒரு துளி மை மேசைத்துணியில் விழுந்து பரவியது.

"அந்தச் சொல் உங்களுக்கு எப்பிடிக் கேக்கும் எண்டு எனக்குத் தெரியும், அம்மா" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன். வியாழக்கிழமை ஏன் சாப்பிடக் கூப்பிட்டேன் என்பதையும் சொன்னேன். கிணற்றடியில் கேட்டதைச் சொன்னேன். சட்டையையும் சொன்னேன். வெளியே மாடு கத்தியது. கூட்டில் கோழி அடைகிற சத்தம் கேட்டது. நாளைக்கே என் அம்மாவின் வீட்டு வாசலில் மூட்டையோடு நிற்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏன்?" என்று கேட்டார்.

அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நெடுநேரம் அவரும் என்னைப் பார்த்தார். இந்த நாலு வருடத்தில் அவ்வளவு நேரம் என்னைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. எதை நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் முகம் மாறியது. கோபம் இல்லை. அதைவிடப் பொறுக்க முடியாத ஒன்று.

பிறகு, நான் எழுதிய தாளை என் பக்கமாகவே தள்ளினார்.

"அதையும் எழுது. நான் சொல்ல மாட்டேன். நீயே எழுது."

எழுதினேன். ஆறு வரி. வாசித்துக் காட்டச் சொல்லவில்லை, மடித்து அரக்கு வைத்தார்.

மார்ச் 1, திங்கள்

அந்த ஊருக்கு வேதப்பாடம் சொல்லப் போகும் உபதேசியாரிடம் விடியற்காலையில் கடிதத்தைக் கொடுத்தார்கள். அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடிதத்தை மடிக்குள் செருகிக்கொண்டு புறப்பட்டார். நடந்துபோனால் மத்தியானத்துக்குள் சேர்ந்துவிடுவார். ஹோல்டன் ஐயாவின் குதிரை நாளைக்குப் போகும். என்னை வீட்டுக்கு அனுப்புவதா இல்லையா என்று மிசியம்மா இன்னும் சொல்லவில்லை. கதிராசி வந்த பிறகு அவளிடம் கேட்டுச் சொல்வாராம்.

உபதேசியார் பனைமரக் கூடலுக்குள் மறையும்வரை இரண்டு தரம் எண்ணினேன், ஓடிப்போய்க் கடிதத்தைப் பறித்துவிட்டால் என்ன என்று. படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் வாசித்த பிறகு என்னை என்ன நினைப்பாள் என்று பயமாக இருக்கிறது. வராமல் விட்டால், பங்குனி நடுவில் அந்தப் புகையிலைத் தோட்டத்தில் அவள் இருப்பாள் என்பது அதைவிடப் பயம். வந்தால் மிசியம்மாவின் வீட்டுக்குள், மிசியம்மாவின் மேசையில், மகள் என்ற பேரோடு இருப்பாள். அதை நினைக்க இப்போதும் எரிகிறது.

எரியட்டும். அவள் வந்துவிட வேண்டும்.